தொடக்கப்பள்ளி வகுப்பறையில் குமுக ஊடகம்



முதல் வகுப்பில் வந்து அமரும் ஐந்தகவைப் பிள்ளை எழுத்தென்னும் ஒன்றை முதன்முதலாக எங்கே காண்கிறது? மணலில் விரல்பிடித்து எழுதுவித்த காலம் ஒன்று இருந்தது. பலகையும் சுண்ணக்கோலும் கொடுத்து எழுதுவித்த காலம் அதன்பின் வந்தது. இன்றோ அப் பிள்ளை தன் தாயின் கையிலுள்ள திறன்பேசியின் ஒளித்திரையிலேதான் எழுத்தை முதலிற் காண்கிறது. அத் திரையில் வகுப்பாசிரியர் விடுத்த செய்தி ஒன்று மின்னுகிறது. மறுநாள் வண்ணத்தாள் கொடுத்தனுப்ப வேண்டும் என்பது செய்தி. சொற்கள் தமிழ்ச் சொற்களே. எழுத்துகளோ ஆங்கில எழுத்துகள்! காலையில் கரும்பலகையில் அகரமும் ஆகாரமும் எழுதிக் காட்டிய அதே ஆசிரியரின் கை, மாலையில் தமிழை இருபத்தாறு அயலெழுத்துகளுக்குள் மடக்கிப் போட்டு அனுப்பியிருக்கிறது. பிள்ளை கரும்பலகையை நம்புமா, திரையை நம்புமா?

தொடக்கப்பள்ளியில் குமுக ஊடகத்தைப் பயன்படுத்தலாமா என்று கல்வியாளர்கள் அரங்கு கூட்டி வழக்காடுகின்றனர். அவ் வழக்காடல் காலங் கடந்தது. தமிழ்நாட்டைப் பொறுத்தவரை அது வகுப்பறைக்குள் நுழைந்து சில ஆண்டுகள் ஆகிவிட்டன. நுழைந்தது யார் கையில், எந்த எழுத்தில் என்பதே இனிக் கேட்கத்தக்க கேள்வி.

அது நுழைந்த வரலாற்றை முதலிற் பார்த்துவிட வேண்டும். 2020 மார்ச்சுத் திங்களில் மகுடைத் தொற்றின் கரணியமாகப் பள்ளிகள் மூடப்பட்டன. இங்கு ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகள் மீண்டும் திறக்கப்பட்ட நாள் 2021 நவம்பர் முதல் நாள். ஏறத்தாழ இருபது திங்கள்! 2020-இல் முதல் வகுப்பிற் சேர்ந்த பிள்ளை, பள்ளியின் வாயிற்படியை மிதித்தபோது இரண்டாம் வகுப்புப் பிள்ளை. 2019 ஆகத்தில் தொடங்கப்பட்டிருந்த கல்வித் தொலைக்காட்சி அவ் விடைவெளியில் பாடம் நடத்தியது. ஆனால் தொலைக்காட்சி பேசும்; கேளாது. பிள்ளை எழுதியதைத் திருத்தாது. அக் குறையை நிரப்பவே ஆசிரியர்கள், வாட்சாப் என்று உலகம் வழங்கும் புலனத்தில் வகுப்புக்கொரு குழு அமைத்தனர். எவரும் ஆணையிட்டு அமைத்த ஏற்பாடு அன்று அது. தம் சொந்தத் திறன்பேசியில், தம் சொந்தச் செலவில், பிள்ளைகள் கைநழுவிப் போய்விடக் கூடாதே என்ற பதைப்பில் அமைத்தனர். அவ் வுழைப்பைக் குறைத்துச் சொல்வார் எவராயினும் வகுப்பறையை அறியாதவர்.

அக் குழுக்களில் நடந்த நல்ல செய்தி ஒன்றை எவரும் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை. பிள்ளை கரிக்கோல் பிடித்துத் தாளில் எழுதும். தாய் அதை நிழற்படம் எடுத்துக் குழுவில் இடுவாள். ஆசிரியர் அதைப் பெரிதாக்கிப் பார்த்து, 'ண'கரத்தின் சுழி ஒன்று குறைந்திருந்தால் தாமே தாளில் எழுதிப் படமெடுத்துத் திருப்பி அனுப்புவார். கருவி நடுவே நின்றது. இருமுனையிலும் கையெழுத்தே இருந்தது. அஞ்சற்காரன் வேலையைத் தவிர வேறெந்த வேலையையும் திறன்பேசி செய்யவில்லை. குமுக ஊடகம் தொடக்க வகுப்புக்கு உதவக்கூடிய முறை எது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

மறுபுறத்தையும் மறைக்காமற் சொல்லவேண்டும். 'பிரதம்' என்னும் அமைப்பு இந்தியச் சிற்றூர்களில் எடுக்கும் கல்விநிலைக் கணக்கின்படி, பள்ளிப் பிள்ளைகளுள் திறன்பேசி உள்ள வீட்டினர் 2018-இல் 36.5 விழுக்காடு, 2021-இல் 67.6 விழுக்காடு. மூன்றாண்டில் இரட்டிப்புக்குச் சற்றே குறைவு. ஏழைக் குடும்பங்கள் எதை விற்று, எங்கே கடன்பட்டு அதை வாங்கின என்பது அக் கணக்கில் இல்லை. ஆனால் மற்றொரு கணக்கு இருக்கிறது. திறன்பேசி உள்ள வீட்டுப் பிள்ளைகளிலும் 26.1 விழுக்காட்டினரின் கைக்கு அது எட்டவே இல்லை! வீட்டில் இருப்பது ஒன்று; அது தந்தையோடு காலையில் வேலைக்குப் போய்விடும். இரவு எட்டு மணிக்கு அவர் திரும்பும்போது பிள்ளை உறங்கியிருக்கும். அண்ணன் மேல்வகுப்பில் இருந்தால் தம்பிக்கு அதில் பங்கில்லை; தங்கைக்கோ சொல்லவே வேண்டா. இறுதியில் அரசே 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' என்று தெருத் தெருவாகத் தன்னார்வலர்களை அனுப்ப வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு, முதல் மூன்று வகுப்புகளுக்கு 'எண்ணும் எழுத்தும்' என்று தனித் திட்டமும் வகுக்க வேண்டியதாயிற்று. திரை விட்ட இடத்தை ஆள்தான் நிரப்பவேண்டியிருந்தது.

பள்ளிகள் திறந்தன. தொற்று ஓய்ந்தது. குழுக்கள் மட்டும் ஓயவில்லை. கையெழுத்துப் படங்கள் நின்றுபோயின. ஏனெனில் பிள்ளை நேரிலேயே எழுதிக் காட்டுகிறது. அவற்றின் இடத்தில் அறிவிப்புகள் வந்தன. வாழ்த்துப் படங்கள் வந்தன. பிள்ளைகள் பாடி ஆடும் காணொளிகள் வந்தன. அஞ்சற்காரன் வேலை முடிந்தபின் அவன் வீட்டுத் திண்ணையிலேயே குடியேறிவிட்டதைப் போன்றதாயிற்று.

இங்கே ஒரு சட்டச் செய்தி. முகநூலாயினும் படவரியாயினும் புலனமாயினும், பதின்மூன்று அகவை நிரம்பாதவர் கணக்குத் தொடங்கக் கூடாதென்பது அந்நிறுவனங்களே வகுத்துக்கொண்ட நெறி. அந் நெறி பிள்ளைகள்மேற் கொண்ட அன்பினால் பிறந்ததன்று. 1998-இல் அமெரிக்கா இயற்றிய சட்டமொன்று, பதின்மூன்றுக்குட்பட்ட பிள்ளையின் செய்திகளைப் பெற்றோர் இசைவின்றித் திரட்டக்கூடாதென்று தடுத்தது. இசைவு பெறும் தொல்லைக்குப் பிள்ளையை விலக்கிவைப்பதே எளிதென்று நிறுவனங்கள் எண்ணின. எப்படியாயினும், தொடக்கப்பள்ளிப் பிள்ளையின் அகவை ஐந்திலிருந்து பத்து. எனவே தொடக்க வகுப்பில் தன் பெயரில் கணக்குள்ள பிள்ளை ஒன்றுகூட இருத்தல் கூடாது. ஆத்திரேலியா இதனினும் ஒருபடி மேற்சென்று, பதினாறுக்குட்பட்டோர் பெரிய குமுக ஊடகங்களிற் கணக்கு வைத்திருப்பதை 2025 திசம்பர் 10 முதல் தடுத்துவிட்டது. மடல்விடு கருவியென்று கருதப்பட்டமையால் புலனம் அத் தடைக்குள் வரவில்லை. இந்தியாவில் 2023-இல் இயற்றப்பட்ட தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டுக்குட்பட்ட அனைவரையும் குழந்தையென்றே கொள்கிறது. பெற்றோரின் இசைவை உறுதிப்படுத்திக்கொண்டு பெறவேண்டும் என்கிறது. குழந்தையின் போக்கைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதையும், அதற்கேற்ப விளம்பரம் காட்டுவதையும் தடுக்கிறது. அதன் நெறிமுறைகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாகச் செயலுக்கு வருமாறு வகுக்கப்பட்டுள்ளன.

சட்டம் இவ்வாறிருக்க, நடப்பதென்ன? இரண்டாம் வகுப்புச் சிறுமி குறள் ஒப்பிக்கிறாள். நடுவில் ஒரு சீர் மறந்துபோகிறது. கண்ணைச் சுருக்கி மேலே பார்த்து, நாக்கைக் கடித்து, பிறகு சிரிக்கிறாள். வகுப்பறையில் நடந்தால் அச் சிரிப்பு நாற்பது பிள்ளைகளின் சிரிப்போடு கலந்து மறைந்துவிடும். அதைக் காணொளியாக்கி முகநூலில் இட்டால், முகமறியாத ஓராயிரம் பேர் பார்ப்பர். விருப்பக் குறிகள் குவியும். அவை யாருக்கு? சிறுமிக்கு அன்று, கணக்கு வைத்திருக்கும் பெரியவருக்கு. அவள் வளர்ந்து இருபது அகவையை எட்டிய பின்னும் அக் காணொளி எங்கோ ஒரு பொறியின் வயிற்றிற் செரிக்காமற் கிடக்கும். அப் பெரியவர் தீய எண்ணமுடையவர் அல்லர். தம் வகுப்பின்மேற் பெருமிதங் கொண்டவர். ஆயினும் ஐயாயிரம் பேர் முன் நிற்க அச் சிறுமி இசைந்தாளா? இசைவென்றால் என்னவென்று அறியும் அகவையா அது?

முகநூல் நிறுவனம் 2014-இல் புலனத்தை 1,900 கோடி அமெரிக்கத் தாலர் விலைபேசி வாங்கியது. இலவயமாகக் கிடைக்கும் பொருளுக்கு ஏன் இத்துணை விலை? அதன் வழியே ஓடும் மாந்தரின் தொடர்புகளே சரக்கு. யுனெசுக்கோ நிறுவனம் 2023-இல் வெளியிட்ட உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கை, கல்வியில் நுழையும் தொழில்நுட்பம் யாருடைய விருப்பப்படி இயங்குகிறது என்னும் கேள்வியைத் தன் தலைப்பிலேயே எழுப்பியிருக்கிறது. வகுப்பறைகள் அக் கேள்வியை இன்னும் எழுப்பவில்லை.

இனி எழுத்துக்கு வரவேண்டும். தலையாய கேடு அங்கேதான் இருக்கிறது. அதைப் பற்றித்தான் எவரும் வாய்திறப்பதில்லை.

தமிழை அயலெழுத்தில் எழுதும் பழக்கம் புதிதன்று. முதன்முதலாக அச்சேறிய தமிழ்நூல் 1554-இல் போர்த்துகல் நாட்டு இலிசுபனில் வெளிவந்தது. சமய வினாவிடையாகிய அச் சிறு நூலில் தமிழ்ச் சொற்கள் உரோமானிய எழுத்தில்தான் அச்சிடப்பட்டன. ஏன்? தமிழெழுத்துக்கு வார்ப்பச்சு அன்று உலகில் எங்குமே இல்லை. அது பொறுத்துக்கொள்ளத்தக்க குறை. ஆனால் இருபத்து நான்கே ஆண்டுகளில், 1578-இல், கொல்லத்தில் வார்த்தெடுத்த தமிழ் அச்செழுத்துகளைக் கொண்டு 'தம்பிரான் வணக்கம்' என்னும் பதினாறு பக்க நூல் வெளிவந்துவிட்டது. வெளியிட்டவர் தமிழரல்லர், என்றீக்கு அடிகள் என்னும் போர்த்துக்கீசியர். தமிழ்மக்களுக்குத் தமிழெழுத்தில்தான் நூல் தரவேண்டும் என்று ஓர் அயலவருக்குத் தோன்றியது! அச்சு வார்த்தபின், ஊரார்க்கு உரோமானிய எழுத்தே போதுமென்று அவர் இருந்துவிடவில்லை.

திறன்பேசிக்கும் அதே கதை உண்டு. கைப்பேசி வந்த புதிதில் அதிற் தமிழெழுத்து இல்லை. செய்தி விடுக்க விரும்பியோர் ஆங்கில எழுத்தைத் துணைக்கொண்டனர், வேறு வழியில்லை. அதுதான் 1554-ஆம் ஆண்டு நிலை. ஆனால் தமிழுக்கு ஒருங்குறியில் 1991-ஆம் ஆண்டே இடம் கிடைத்துவிட்டது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் 'தமிழ்99' என்னும் விசைப்பலகை உருவாகி, தமிழ்நாட்டரசின் ஏற்பையும் பெற்றது. 2005-இல் முத்து நெடுமாறன் ஆக்கிய 'செல்லினம்' சிங்கப்பூரில் வெளிவந்து, கைப்பேசியிலேயே தமிழில் எழுதும் வழியைத் திறந்தது. 2013 முதல் ஆப்பிள் நிறுவனத்துத் திறன்பேசிகளிலும் தமிழ் விசைப்பலகை உள்ளிருந்தே வருகிறது. அச்சு வார்த்தாயிற்று! இன்றும் ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுவோர், வார்ப்பச்சு அணியமான பின்னும் இலிசுபனிலேயே குந்தியிருப்போர் ஆவர்.

இஃது உணர்ச்சிக்காகச் சொல்லும் சொல் அன்று; இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் பாடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கில எழுத்தில் நான்கே எழுத்தாகப் பெரும்பாலோர் எழுதும் ஒரு சொல்லைப் பிள்ளை 'வலி' என்று படிக்கலாம்; 'வழி' என்று படிக்கலாம்; 'வளி' என்று படிக்கலாம்; நெடில் குறிக்க எவரும் மெனக்கெடுவதில்லையாதலால் 'வாளி' என்றும் படிக்கலாம். நோவும் பாதையும் காற்றும் நீர்மொள்ளும் ஏனமும் ஒரே குட்டையிற் கிடக்கின்றன! மற்றொரு சொல் அறமா, அரமா, ஆரமா என்பது படிப்பவர் கருதிக்கொள்வதைப் பொறுத்தது. பெரியவர்க்கு இதனால் இடரில்லை. சொல்லை முன்பே அறிந்திருத்தலால் இடம்நோக்கிப் பொருள்கொள்வர். பிள்ளைக்கோ சொல்லும் புதிது, எழுத்தும் புதிது. லகர ழகர ளகர வேறுபாட்டையும், ரகர றகர வேறுபாட்டையும், மூன்று னகர வேறுபாட்டையும் கண்ணாலும் காதாலும் கையாலும் ஒருசேரப் பற்றிக்கொள்ளும் அகவை அஃதொன்றே. அதைத் தவறவிட்ட தலைமுறையைத் தொலைக்காட்சியில் நாள்தோறும் கேட்கலாம்.

கையால் என்று சொன்னதற்கும் சான்று உண்டு. அமெரிக்காவின் இந்தியானாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கரின் சேம்சு, இலாரா எங்கெல்ஆர்ட்டுடன் இணைந்து 2012-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். இன்னும் படிக்கத் தொடங்காத ஐந்தகவைப் பிள்ளைகளை எழுத்துகளை வெறுங்கையால் எழுதவும், புள்ளிக்கோட்டின்மேல் வரையவும், விசைப்பலகையிற் தட்டவும் செய்தனர். பிறகு அவ் வெழுத்துகளைக் காட்டி மூளையின் இயக்கத்தைப் பதிவுசெய்தனர். படிப்பின்போது வேலை செய்யும் மூளைப் பகுதிகள், வெறுங்கையால் எழுதிப் பழகிய எழுத்துகளைக் கண்டபோதே எழுச்சியுற்றன. தட்டிப் பழகியவற்றுக்கும் வரைகோட்டின்மேல் ஓட்டியவற்றுக்கும் அவ்வாறு இல்லை. சிறிய ஆய்வுதான், ஆங்கில எழுத்தின்மேற் செய்ததுதான். ஆனால் கோணலும் மாணலுமாகப் பிள்ளை தானே எழுதுவதிற்றான் எழுத்து உள்ளே இறங்குகிறது என்பதைத் திண்ணைப் பள்ளி ஆசிரியர்கள் எந்தப் பொறியுமின்றியே அறிந்திருந்தனர்.

இதனோடு சேர்ந்த நுட்பமொன்று. பிள்ளைக்கு இலக்கணம் எப்படிக் கற்பிக்கிறது? ககரமெய்யோடு இகரம் சேர்ந்தால் 'கி' என்று. ஒருங்குறியோ வேறு கணக்கு வைத்திருக்கிறது. அதற்கு 'க'தான் முதல். 'க்' என்பது ககரத்தின் தலையிற் புள்ளி ஏற்றிய இரண்டு குறி. 'தமிழ்' என்னும் மூன்றெழுத்துச் சொல்லைப் பொறி ஐந்தாக எண்ணும். 'கி'யை அழிக்க ஒருமுறை தட்டினால் 'க' எஞ்சி நிற்கும்; மெய் எஞ்சாது. வடவெழுத்து முறைக்குத் தைத்த சட்டையைத் தமிழுக்குப் போட்டுவிட்டதன் விளைவு இது. எல்லா எழுத்துக்கும் தனித்தனி இடந்தரும் அனைத்தெழுத்துக் குறியேற்றத்தைத் தமிழ்நாட்டரசு 2010-இல் ஏற்று அறிவித்தும், திறன்பேசிகள் ஒருங்குறியைவிட்டு அசையவில்லை. இதைத் திருத்துவது ஆசிரியர் கையில் இல்லை. ஆனால் நான்காம் வகுப்புக்கு முன் பிள்ளையை விசைப்பலகையண்டை விடாதிருப்பது அவர் கையில் இருக்கிறது. இலக்கணம் உள்ளே ஊன்றியபின் பொறியின் கோணல் பிள்ளையைக் கோணலாக்காது, மாறாக, "இஃது ஏன் தப்பாக அழிக்கிறது?" என்று பிள்ளையே கேட்கும்.

அவ்வாறாயின் குமுக ஊடகத்தை அடியோடு விரட்டிவிடலாமே என்று உணர்வாளர் சிலர் கொதிக்கக்கூடும். விரட்டத் தேவையில்லை. தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு வெளியுலகோடு மடல் தொடர்பு வேண்டும் என்னும் எண்ணம் குமுக ஊடகத்தினும் பழையது, அதனினும் உயர்ந்தது.

பிரான்சு நாட்டில் செலசுதேன் பிரெனே என்றொரு சிற்றூர்ப் பள்ளியாசிரியர் இருந்தார். முதல் உலகப் போரில் நுரையீரலில் குண்டு பாய்ந்தவர். வகுப்பில் நெடுநேரம் உரத்துப் பேச அவரால் இயலாது. தாம் பேச இயலாத வகுப்பிற் பிள்ளைகளே பேசட்டும் என்று எண்ணினார் போலும். 1924 அளவில் சிறியதொரு கையச்சுப் பொறியை விலைக்கு வாங்கி வகுப்பறையின் நடுவே வைத்தார். முந்தின நாள் தாம் கண்டதைப் பிள்ளைகள் எழுதினர். நத்தை ஊர்ந்ததை எழுதினர். அதையே எழுத்தெழுத்தாகக் கோத்து அச்சிட்டனர். நாட்டின் தென்கிழக்கு மூலையில் இருந்த பார்-சூர்-லூப் என்னும் அவ் வூர்ப் பிள்ளைகள், 1926 அளவில், வடமேற்கு மூலையில் கடலோரத்துத் திரெகங்கு ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளோடு தம் அச்சுத் தாள்களை மாற்றிக்கொள்ளத் தொடங்கினர். மலைப்பிள்ளை கடலைப் பற்றிப் படித்தது. கடற்பிள்ளை மலையைப் பற்றிப் படித்தது. தமக்கு மறுமொழி எழுதத் தொலைவில் ஒரு வகுப்பு காத்திருக்கிறதென்று அறிந்த பிள்ளைகள் பிழையின்றி எழுதத் தாமே முனைந்தனர். பள்ளியிற் பிரெத்தோன் மொழி பேசிய பிள்ளைகளை ஒறுத்த அதே நாட்டில் இது நடந்தது என்பதையும் நினைவிற்கொள்ளுங்கள். பிரெனேயின் வழியைப் பின்பற்றும் ஆசிரியர்கள் இன்றும் பல நாடுகளில் உள்ளனர்.

பின்னாளில் ஆங்கிலம் பேசும் நாடுகளில் தொடக்க வகுப்பாசிரியர் சிலர் கீச்சகத்தைப் பயன்படுத்தியதும் ஏறத்தாழ இவ்வகையே. வகுப்புக்கு ஒரே கணக்கு. அதன் திறவுகோல் ஆசிரியரிடம். நாளின் இறுதியில் பிள்ளைகள் கூடிப்பேசி அன்று கற்றதை ஒரே சொற்றொடராக்குவர். 2017 நவம்பர் வரை கீச்சகத்தின் எல்லை 140 குறி. எதை வெட்டுவது, எதை வைப்பது என்று ஆறகவைப் பிள்ளைகள் வழக்காடினர். அவ் வழக்காடலே பாடம். கீச்சகம் வெறும் சாக்கு.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இவ்வழி எத்துணைப் பெரிய புதையலைத் திறந்துவிடும் என்று எண்ணிப் பாருங்கள். பொத்தகத் தமிழ் ஒன்று, ஊர்த்தமிழ் நூறு. மாடு கட்டும் இடத்தைக் கொங்குநாட்டுப் பிள்ளை 'கட்டுத்தரை' என்கிறது. தஞ்சைப் பிள்ளை 'கொட்டில்' என்கிறது. நெல்லைப் பிள்ளை 'தொழு' என்கிறது. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று திசைக்கொரு பெயரிட்டுக் காற்றை அழைக்கும் கடற்கரையும் இருக்கிறது. அப் பெயர்களை ஒருநாளும் கேளாத பிள்ளைகள் நிறைந்த மாநகரப் பள்ளிகளும் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தூய தமிழ். ஒவ்வொன்றும் அவ்வவ் வூர் எல்லைக்குள்ளேயே மூச்சடங்கிக்கொண்டிருக்கிறது. ஏனெனில் ஆசிரியர் அதைக் கொச்சையென்று திருத்திவிடுகிறார்; பிள்ளையும் நாணி விட்டுவிடுகிறது.

பினாங்கில் 1816-இல் தொடங்கிய தமிழ்க்கல்வி இன்று மலேசியா முழுமையும் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்த் தொடக்கப்பள்ளிகளாய் நிற்கிறது. அங்கு முதல் ஆறாண்டும் தமிழ்வழிப் படிப்பு. தமிழ்நாட்டிலோ ஆங்கிலவழித் தொடக்கப்பள்ளிகளை நோக்கிப் பெற்றோர் ஓடிக்கொண்டிருக்கின்றனர்! அங்குள்ள மூன்றாம் வகுப்பொன்றும் இங்குள்ள மூன்றாம் வகுப்பொன்றும் கிழமைக்கு ஒரு மடல் மாற்றிக்கொள்வதற்கு என்ன தடை? இரண்டரை மணி நேர வேறுபாடு ஒரு தடையா? கப்பலஞ்சலுக்குத் திங்கட்கணக்கிற் காத்திருந்த காலம் போயிற்று. பிள்ளைகள் தாளிற் கரிக்கோலால் எழுதட்டும். ஆசிரியர் அத் தாளைப் படமெடுத்து, பிள்ளையின் முகமோ முழுப்பெயரோ இல்லாமல், அங்குள்ள ஆசிரியருக்குப் புலனத்தில் விடுக்கட்டும். முகப்புச் செய்தியைத் தமிழ்99-இற் தமிழெழுத்தால் எழுதட்டும். பெற்றோர் குழுவிலும் அதே நெறியை அவர் முதலிற் கடைப்பிடித்தால், ஆங்கில எழுத்தில் மறுமொழி இடும் தந்தையும் ஒரு திங்களுக்குள் நாணித் திருந்துவார். திருந்தாவிட்டாலும் பிள்ளையே வந்து அவரைக் கேட்கும்.

கட்டுத்தரையில் ஆடு குட்டி போட்டதென்று கொங்குநாட்டுப் பிள்ளை எழுதும். கட்டுத்தரை என்றால் என்னவென்று மலேசியப் பிள்ளை கேட்டெழுதும். விடையை வகுப்பே கூடி எழுதவேண்டும். படம் வரைந்து காட்டவேண்டும். அடுத்த கிழமை அங்கிருந்து வரும் மடலில், தாத்தா காலத்தில் தோட்டத்திற் பால்மரம் சீவியதும், காலையில் 'பசியாறி'விட்டுப் பள்ளிக்கு வந்ததும் எழுதப்பட்டிருக்கும். பசியாறுதல் என்னும் சொல்லை ஆசிரியர் கரும்பலகையில் எழுதுவார். காலைச் சிற்றுண்டிக்கு ஆங்கிலச் சொல்லே பழகிய வகுப்பு அதை வாய்விட்டுப் படிக்கும். றகரத்தில் நாக்கு அழுந்துகிறதா என்று அவர் ஒவ்வொரு பிள்ளையாகக் கேட்டுக்கொண்டு வருவார்.